அரைப்பேர்

கைநூலின் நாற்பத்தோராம் பக்கத்தில்
வரலாற்றுத் துறை தொடங்குகிறது.
நைல் நதி முதலாம் ஆண்டில்.
அநுராதபுரத்துக் குளங்கள் கட்டாயம்.
பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று கிரெடிட்,
மெய்ஜி ஜப்பானுக்கும் மூன்று.
கடைசி வரியில், அச்சு மங்கிய இடத்தில்,
பெருந்தோட்டத் தொழிலாளர் வரலாறு, விருப்பப் பாடம்.
தலையில் ஒரு நட்சத்திரக் குறி.

நட்சத்திரத்தைத் தேடிப் பக்கத்தின் அடிக்குப் போனேன்.
பத்துப் பேருக்குக் குறைந்தால் நடைபெறாது
என்றிருந்தது.
மூன்று வருடமாக நடைபெறவில்லை என்பதை
அலுவலகத்து சுனேத்ரா மிஸ்
முத்திரையை மையில் அழுத்தியபடி
வாயால் சொன்னார்.

பதிவு முடிய ஐந்து நாள்.
தாளைப் பொலித்தீனில் மடித்து வைத்துக்கொண்டு
கலஹா வீதியில் மழையோடு நடந்தேன்,
விடுதி விடுதியாக.
பொகவந்தலாவை யோகமலர்
நான் கேட்டு முடிக்குமுன் ஒப்பமிட்டாள்.
லுணுகலைத் திவ்வியராஜ்
இதில் 'ஏ' எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டான்.
கிளிநொச்சிக் கஜமுகன்
பேனாவைத் திறந்து, மூடி, திறந்து
வெகுநேரம் கட்டிலில் இருந்தான்.
எழுபத்தேழில் நாவலப்பிட்டியிலிருந்து
பெட்டியோடு ரயிலேறிய குடும்பம் என்று
பிறகுதான் தெரிந்தது.

எட்டியாந்தோட்டைக்காரன் ஒருவன் சிரித்தான்.
"வீட்டுல இருக்கிறதப் படிக்க
கெம்பஸ் எதுக்கு மச்சான்?"
அவன் ஜப்பானுக்குப் போனான்.
கோபிக்கவில்லை நான்.
ஜப்பானிலும் மலை இருக்கிறது,
தேயிலையும் இருக்கிறது,
அங்கே அவனை யாருக்கும் தெரியாது.

நான்காம் நாள் இரவு
கணக்கு ஒன்பதில் நின்றது.
அம்மா கோல் எடுத்தாள்.
"இன்னைக்கு அரைப்பேருதான்.
வெயிலுல கொழுந்தே இல்ல, பதினோரு கிலோ."
இங்கே மழை என்றேன்.
பிறகு, எனக்கு ஒன்பது பேர், ஒன்று குறைகிறது என்றேன்.
"ஒம்பது பேரா?
மாசம் பூரா ஒம்பது நாள்தான் வேலை குடுத்தானுங்களா?"
விளக்கப் போனேன்,
காசு முடிந்துவிட்டது.

பத்தாவது பேர் பஸ்மிலா.
கம்பளையில் வாப்பாவுக்குக் கடை,
நூறு கிராம் பக்கெட்டில் தேயிலையை அவளுக்குத் தெரியும்.
கன்ரீன் வரிசையில் நின்றபடி கேட்டாள்:
"புதன் காலையிலயா? வெள்ளிக்கிழம இல்லையே?"
இல்லை என்றேன்.
"அப்ப போடுங்க."
ரோல்ஸ் எண்ணெய் பட்ட விரலால் கையெழுத்திட்டாள்.
நட்சத்திரம் அணைந்தது,
அல்லது எரிந்தது,
எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதல் வகுப்புக்கு எட்டுப்பேர்தான் வந்தோம்.
விரிவுரையாளர் அருள்நாயகி
ஒரு பழைய செக்ரோலின் நிழற்பிரதி தந்தார்.
ஆண்டு இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது.
ராக்காயி, பழனியாண்டி, சடச்சி,
இன்னுமொரு ராக்காயி.
ஒவ்வொருவருக்கும் நேரே குறிகள்,
சில இடங்களில் ஒன்றின் கீழ் இரண்டு.
அடியில் யாரோ கூட்டி எழுதியிருந்தார்கள்:
பதினேழரைப் பேர்.

பஸ்மிலா கையுயர்த்தினாள்.
"பேர் எப்படி மிஸ் அரையாகும்?
ஒரு ஆள் அரை ஆளா?"

அருள்நாயகி தாளைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
அவருக்குத் தெரியாமலிருக்கலாம்,
தெரிந்தும் நின்றிருக்கலாம்.
யோகமலர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்தில்
வகுப்பில் நான் வாய்திறந்தது அன்றுதான்.
ஒரு நாள் வேலைதான் ஒரு பேர் என்றேன்.
நிறை குறைந்தால்
முழுநாள் நின்றாலும் பாதிதான் விழும் என்றேன்.
"அந்தக் காலத்துலயா?"
இல்லை, வியாழக்கிழமை என்றேன்.
பதினோரு கிலோவைச் சொல்லவில்லை.

யன்னலுக்கு வெளியே மகாவலி
சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
பஸ்மிலா கொப்பியைத் திருப்பி
தலைப்பு எழுதும் இடத்தில்
எழுதத் தொடங்கி நிறுத்தினாள்.

"சின்ன ர வா, பெரிய ற வா?"

சின்னதுதான் என்றேன்.